மல்லிகையும் மாநிறமும் ஒரே சுருளில்: இல்ஃபோர்டு எச்.பி.5 பிளஸ்

கடந்த ஏழு ஆண்டுகளாகப் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் நான் எடுத்துவரும் கறுப்பு வெள்ளை முகப்படங்கள் ஏறத்தாழ எல்லாமே ஒரே வகைப் படச்சுருளில் எடுக்கப்பட்டவை. இங்கிலாந்தில் தயாராகும் இல்ஃபோர்டு எச்.பி.5 பிளஸ் என்பதுதான் அந்தச் சுருள். தாத்தாவின் அலமாரியில் கிடந்த பழைய கேமராவை எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டு, எந்த ஃபிலிமை வாங்கலாம் என்று கேட்கும் இளையவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை ஒருமுறை முழுமையாக எழுதிவிடலாம் என்று இதை எழுதுகிறேன். மாநிறமும் கருநிறமுமான நம்மவர் முகங்களைப் பினாங்கின் வெளிச்சத்தில் எடுக்க விரும்புகிறவருக்கு, நான் பயன்படுத்திப் பார்த்தவற்றில் இதைவிடப் பொருத்தமான சுருள் வேறில்லை. ஆனால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் 400 என்ற ஒளியுணர்வு எண்ணை அப்படியே நம்பி எடுத்தாலும், கழுவுவதற்கு யாரிடம் கொடுக்கிறோம் என்று விசாரிக்காமல் கொடுத்தாலும் அதன் அருமை நமக்குக் கிட்டாது.

இல்ஃபோர்டு என்பது லண்டனை ஒட்டிய ஓர் ஊரின் பெயர். ஆல்ஃபிரட் ஹார்மன் என்பவர் 1879-இல் அங்கே படமெடுப்பதற்கான உலர்தட்டுகள் தயாரிக்கத் தொடங்கினார். இன்று அதே ஹார்மன் பெயரைத் தாங்கிய நிறுவனம் செஷயர் வட்டாரத்தின் மோபர்லியில் இந்தச் சுருளைத் தயாரிக்கிறது. எச்.பி.5 வெளிவந்தது 1976-இல். அதைச் செம்மைப்படுத்தி 'பிளஸ்' என்ற ஒட்டோடு வெளியிட்டது 1989-இல். 35 மில்லிமீட்டர் கேமராவுக்கு 36 படங்கள் கொண்ட சுருளாகவும், நடுத்தர அளவுக் கேமராவுக்கு 120 சுருளாகவும், பெரிய கேமராக்களுக்குத் தனித்தாளாகவும் கிடைக்கிறது. நான் கடைசியாக வாங்கியபோது 36 படச் சுருளொன்று ஐம்பது ரிங்கிட்டை ஒட்டி வந்தது. படத்துக்கு ஏறத்தாழ ஒரு ரிங்கிட் நாற்பது காசு என்று வைத்துக்கொள்ளலாம். நிறைய எடுக்கிறவர்கள் 30.5 மீட்டர் நீளச் சுருளை மொத்தமாக வாங்கி வீட்டிலேயே வெட்டிச் சுற்றிக்கொண்டால் பதினெட்டுச் சுருள்கள் வரை தேறும். செலவும் கணிசமாகக் குறையும்.

இனி முகத்துக்கு வருவோம். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு முகம் எந்தச் சாம்பல் நிறத்தில் விழுகிறது என்பதைத் தீர்மானிப்பது ஒளி மட்டுமன்று. ஃபிலிமுக்கு எந்த நிறம் தெரியும், எந்த நிறம் தெரியாது என்பதும்தான். இதற்குப் பினாங்கிலேயே ஒரு பழைய சான்று உண்டு. ஜான் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துப் படப்பிடிப்பாளர் 1860-களின் தொடக்கத்தில் இந்தத் தீவில் சில மாதங்கள் தங்கிப் படமெடுத்தார். மதராசைச் சேர்ந்த இருவரைப் பழக்கி, அச்சிடுவதற்கும் மற்ற வேலைகளுக்கும் துணையாக வைத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். கண்ணாடித் தட்டில் ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவிவிட வேண்டிய கொலோடியன் முறையின் காலம் அது. அந்த ஈரத்தட்டுக்கு நீலமும் ஊதாவும்தான் தெரியும்; சிவப்பும் ஆரஞ்சும் அதற்கு இருள். நம் தோலிலிருந்து திரும்பும் ஒளியில் மிகுதியாக இருப்பது சிவப்பும் மஞ்சளும்தான். ஆகவே, அந்தக் காலத்துத் தட்டுகளில் நம் முன்னோர் உண்மையில் இருந்ததைவிடப் பல படிகள் கறுத்து, கண்ணும் பல்லும் மட்டும் துலங்கத் தெரிகிறார்கள். தென்னிந்தியத் தொழிலாளர்களின் பழைய படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். அந்த மதராஸ்காரர்கள் இருவரும் தங்கள் கையாலேயே தங்களைப் போன்றோரின் முகங்களை அச்சிட்டபோது, எதிரே நின்ற மனிதருக்கும் தாளில் எழும் உருவத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்காமலா இருந்திருப்பார்கள்?

எச்.பி.5 பிளஸ் கண்ணுக்குத் தெரியும் எல்லா நிறங்களையும் ஏற்கும் சுருள். சிவப்பை அது பார்க்கிறது. அதனால் மாநிறம் மாநிறமாகவே விழுகிறது. இந்தத் தன்மை இன்றைய பெரும்பாலான கறுப்பு வெள்ளைச் சுருள்களுக்குப் பொதுவானதுதான். எச்.பி.5-இன் தனிச்சிறப்பு அதன் இடைநிறங்களில் இருக்கிறது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் அது தரும் சாம்பல் படிகள் நெருக்கமானவை, மென்மையானவை. கருநிற முகமொன்றில் நெற்றிக்கும் கன்னத்துக்கும், கன்னத்துக்கும் தாடைக்கும் உள்ள சிறு வேறுபாடுகளைச் சில சுருள்கள் ஒரே கறுப்பாக அமுக்கிவிடும், இது அமுக்குவதில்லை. முரண், அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு, குறைந்த சுருள், 'சப்பென்று' இருக்கிறது என்று இதைக் குறை சொல்கிறவர்களும் உண்டு. வெயில் உச்சியில் நிற்கும் ஊரில் முரண் குறைந்திருப்பது குறையன்று, வரம். அச்சிடும்போதோ கணினியிலோ முரணைக் கூட்டிக்கொள்ள முடியும். நெகட்டிவிலேயே விழாமல் போன விவரத்தை எதைக் கொண்டும் மீட்க முடியாது.

பினாங்கு, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து பாகை சொச்சத்தில் இருக்கிறது. நண்பகலை ஒட்டி வெயில் தலைக்கு மேல் ஏறிவிடும். கண்குழிகள் இருண்டு, மூக்கின் நிழல் உதட்டில் விழும். இந்த வெளிச்சத்தில் திறந்த வெளியில் முகப்படம் எடுப்பதை நான் விட்டுவிட்டேன். அதற்கு மாற்றாக இந்த ஊர் நமக்குத் தந்திருப்பது கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதை. தலைக்கு மேல் கூரை, ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் தெருவிலிருந்து வழிந்து வரும் ஒளி, தரையோடுகளிலிருந்து எழும்பித் தாடையின் கீழ் நிழலைச் சற்றே நிரப்பும் எதிரொளி என்று எல்லாம் அங்கே அமைந்திருக்கிறது. பெரிய ஸ்டூடியோவில் விளக்கும் குடையும் வைத்துச் செய்வதைத் தூண்களும் சுவர்களும் செய்துவிடுகின்றன. லிட்டில் இந்தியாவின் பினாங்கு ஸ்திரீட்டிலும் மார்க்கெட் ஸ்திரீட்டிலும், மாரியம்மன் கோயில் இருக்கும் குவீன் ஸ்திரீட்டிலும் காலை ஒன்பது முதல் பதினொன்று வரையும் மாலை நான்குக்குப் பிறகும் இந்த ஒளி சீராகக் கிடைக்கும்.

அப்படிப்பட்ட ஒரு நடைபாதையில் பூக்கட்டும் பாட்டி ஒருவரை எடுத்த படத்தைக் கொண்டு இந்தச் சுருளின் நடத்தையை விளக்க முயல்கிறேன். பாட்டி நல்ல கருநிறம். வெளிர்நிறச் சேலை, நெற்றியில் விபூதி, அதன் நடுவில் குங்குமம், மூக்கின் இரு பக்கமும் மூக்குத்தி, மடியில் மல்லிகைக் குவியல். இந்தக் காட்சியைக் கேமராவின் ஒளிமானியிடம் கேட்டால் அது ஏமாந்துவிடும். எதிரே தெரியும் எல்லாவற்றையும் கலந்து நடுச்சாம்பலாக்குவதுதான் அதன் கணக்கு. சேலையும் பூவும் வெள்ளையாக இருப்பதால் வெளிச்சம் மிகுதி என்று எண்ணி ஒளியைக் குறைக்கச் சொல்லும். அதன் பேச்சைக் கேட்டால் பூ சாம்பலாகும், பாட்டியின் முகம் கரியாகும். நான் அருகில் சென்று, தெருப்பக்கம் திரும்பிய கன்னத்தை மட்டும் அளந்தேன். முழுக்காட்சிக்கு ஒளிமானி சொன்னதற்கும் கன்னத்துக்குச் சொன்னதற்கும் இரண்டு ஸ்டாப் வேறுபாடு இருந்தது (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரட்டிக்கும், குறைத்தால் பாதியாகும்). கன்னத்தின் அளவையே எடுத்துக்கொண்டு, லென்ஸின் துளையை எஃப் 4-இல் வைத்து 1/125 விநாடிக்கு எடுத்தேன்.

இந்த இடத்தில் பாடப்புத்தகங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி வகுத்த மண்டல முறை, முழுக்கறுப்பிலிருந்து முழுவெள்ளை வரை காட்சியைப் படிகளாகப் பிரிக்கிறது. நடுச்சாம்பல் ஐந்தாம் மண்டலம். முகத்தை ஆறாம் மண்டலத்தில், அதாவது ஒளிமானி சொல்வதைவிட ஒரு ஸ்டாப் கூட்டி வைக்கும்படி பல கையேடுகள் சொல்கின்றன. அது ஐரோப்பியரின் வெளிர் தோலுக்கான கணக்கு. நம்மவரில் மாநிறத்தாரை ஐந்தாம் மண்டலத்தில், அதாவது கன்னத்தின் அளவுப்படியே வைக்கலாம். நல்ல கருநிறத்தாரை அதற்கு அரை ஸ்டாப் கீழே வைத்தால்கூட அழகு குறையாது. பாட்டியை நான் கீழே இறக்கவில்லை, ஐந்திலேயே வைத்தேன். அவருடைய முகத்தின் சுருக்கங்கள் ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒளி இறங்க வேண்டும் என்று விரும்பினேன். அப்படி வைத்தபோது மல்லிகை எட்டாம் மண்டலத்துக்குப் போய்விட்டது. இதழ்களின் வடிவம் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் எல்லை அது. எச்.பி.5 அந்த எல்லையிலும் இதழ்களைக் கைவிடவில்லை. லூப் என்ற உருப்பெருக்கி வைத்து நெகட்டிவைப் பார்த்தபோது மொட்டுகளின் காம்பு தனியாக, நுனி தனியாக, அவற்றைச் சேர்த்திருந்த நார் தனியாகத் தெரிந்தன. ஒளியைச் சற்று அதிகமாகக் கொடுத்துவிட்டாலும் பொறுத்துக்கொள்ளும் இந்தக் குணம்தான் கருநிற முகமும் வெண்பூவும் ஒரே சட்டகத்தில் வாழ இடம் கொடுக்கிறது. இதனால்தான் பெட்டியில் 400 என்று இருந்தாலும் நான் கேமராவை 250-இல் வைத்து ஒளியைக் கூட்டிக் கொடுக்கிறேன். கருநிற முகங்களுக்கு இந்தச் சுருளில் ஒளி மிகுவதால் வரும் கேட்டைவிடக் குறைவதால் வரும் கேடு பல மடங்கு பெரிது.

அந்தப் படத்தில் நான் எதிர்பாராத ஒரு குறையும் இருந்தது. விபூதி பளிச்சென்று விழுந்திருந்தது; குங்குமம் காணாமல் போயிருந்தது. சிவப்பையும் பழுப்பையும் ஒரே அளவான சாம்பலாக இந்தச் சுருள் மொழிபெயர்த்துவிட்டதால் பொட்டு தோலோடு கரைந்துவிட்டது. கண்ணுக்கு அத்தனை துலக்கமாக எரியும் ஒன்று படத்தில் இல்லாமற் போவது நம்மவர் முகங்களை எடுக்கும் ஒவ்வொருவரும் ஒருநாள் சந்திக்கப்போகும் சிக்கல். லென்ஸுக்கு முன்னால் மஞ்சள்-பச்சை வடிகட்டி ஒன்றை மாட்டினால் குங்குமம் தோலைவிட ஒரு படி கூடுதலாகக் கறுத்து மேலெழும். ஒரு ஸ்டாப் ஒளி அதற்குச் செலவாகும், தோலும் சற்றே கறுக்கும். ஆனால் உதட்டின் வரைவும் தோலின் இழையும் கூர்மை பெறும். ஆரஞ்சு வடிகட்டி இதற்கு நேர்மாறு: தோலை வெளுப்பாக்கும், பருவையும் தழும்பையும் மறைக்கும், குங்குமத்தை அடியோடு அழிக்கும். திருமணப் பெண்களின் படங்களுக்கு ஆரஞ்சு நல்லது என்று சிலர் பரிந்துரைப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் கால ஸ்டூடியோக்களில் நெகட்டிவின் மேல் கூரிய பென்சிலால் நுணுக்கமாகத் தீட்டி, அச்சில் முகத்தை வெளுப்பாக்கிக் கொடுத்தார்கள். இன்று கைபேசி அதையே கேட்காமல் செய்கிறது. நம் வீட்டுச் சுவர்களில் மாட்டியிருக்கும் மூத்தோர் படங்கள் பலவற்றில் அவர்களுடைய உண்மையான நிறம் இல்லை. இந்தச் சுருளை நான் விரும்புவதற்கு முதற்காரணமே, நிறத்தைக் குறித்து அது வெட்கப்படுவதில்லை என்பதுதான்.

இருட்டான இடங்களில் இதை 1600-க்கோ 3200-க்கோ ஏற்றி எடுக்கலாம் என்று தயாரிப்பாளரே வழிமுறை தருகிறார். கோயில் மண்டபத்திலும் இரவு நேர ஒட்டுக்கடையிலும் நானும் 1600-இல் எடுத்திருக்கிறேன். வெளிர்நிற முகங்களுக்கு அது நாடகத்தன்மை சேர்க்கிறது. கருநிற முகங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்றுவது என்றால் ஒளியைக் குறைத்துக் கொடுத்துக் கழுவும் நேரத்தைக் கூட்டுவது. கூட்டிய நேரம் விளக்கின் ஒளியைத்தான் மேலும் வளர்க்கும், ஒளியே விழாத தாடையையும் கண்ணோரத்தையும் அது வளர்க்காது. 800 வரை போகலாம். அதற்கு மேல் முக்காலியும் பொறுமையும்தான் துணை.

கழுவுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நான் இழந்த ஒரு சுருளின் கதை இதில்தான் இருக்கிறது. தொடக்கத்தில் நான் வீட்டில் கழுவப் பழகவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வுபெற்ற ஒரு பெரியவரைச் சம்மதிக்கவைத்து, ஒரு சுருள் முழுவதும் அவரையே எடுத்திருந்தேன். இரு கன்னத்திலும் படர்ந்த வெள்ளை மீசை அவருக்கு. அந்த மீசையின் ஒவ்வொரு மயிரையும் இந்தச் சுருளில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில்தான் எடுத்தேன். அதை ஒரு கடையில் கொடுத்தேன். கடையிலிருந்தவர் பெட்டியைப் பார்க்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. வண்ணச் சுருள்களோடு சேர்த்து, அவற்றைக் கழுவும் சி-41 இயந்திரத்தில் விட்டுவிட்டார்கள். வண்ணச் சுருளில் படமாக நிற்பது சாயம்; வெள்ளி தன் வேலையை முடித்ததும் அந்த முறையில் அதை வெளுத்துக் கரைத்துவிடுவார்கள். எச்.பி.5 போன்ற சுருளில் சாயமே இல்லை, வெள்ளிதான் படம். ஆகவே என் கைக்கு வந்தது 36 சட்டகமும் வெறுமையாக, கண்ணாடி போலத் தெளிவாக இருந்த ஒரு நாடா. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது ஓரத்தில் இருக்க வேண்டிய எண்கள்கூட இல்லை.

மறுவாரம் பெரியவரைத் தேடிப் போனேன். தைப்பூசம் முடிந்திருந்தது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு முடிகாணிக்கை செலுத்தி, தலையோடு மீசையையும் எடுத்துவிட்டு, சந்தனம் பூசிய தலையோடு உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னதும், "மீசைதானே தம்பி, வளரும். நீங்க வாங்க," என்றார். ஐந்து மாதம் காத்திருந்தேன். அந்த ஐந்து மாதத்தில்தான் வீட்டில் கழுவக் கற்றுக்கொண்டேன்.

வெளியில் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், கறுப்பு வெள்ளைச் சுருளைத் தனியாகக் கையால் கழுவுகிறார்களா என்று கேட்டு, உறையின் மேல் 'சி-41 அன்று' என்று பெரிதாக எழுதிக் கொடுங்கள். அந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு இதே இல்ஃபோர்டு எக்ஸ்.பி.2 சூப்பர் என்ற சுருளைத் தருகிறது. அது வண்ண இயந்திரத்திலேயே கழுவத்தக்க, சாயத்தால் படமாகும் கறுப்பு வெள்ளைச் சுருள். எந்தக் கடையிலும் கொடுக்கலாம். அதன் வழவழப்பு எனக்குப் பிடிக்கவில்லை என்பது என் சொந்த ரசனை.

வீட்டில் கழுவுகிறவர்களுக்குப் பினாங்கில் இருக்கும் முதல் தடை வெப்பம். கையேடுகள் எல்லாம் 20 டிகிரி நீரைக் கேட்கின்றன. என் வீட்டுக் குழாயில் வருவது 28 டிகிரி. ஐ.டி.11 என்ற டெவலப்பரை, அதாவது ஃபிலிமில் படத்தை வெளிக்கொணரும் கரைசலை, நீர் கலக்காமல் பயன்படுத்தினால் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். நம் குழாய் நீரின் வெப்பத்தில் அந்த நேரம் மிகவும் சுருங்கிவிடும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் சீராகக் கழுவாது, கன்னத்தில் திட்டுத் திட்டாக ஒளி விழும். அதனால் நான் டெவலப்பரைச் சம அளவு நீரோடு கலந்துகொள்கிறேன். அப்போது 20 டிகிரிக்குப் பதின்மூன்று நிமிடம் ஆகும். ஐஸ் கட்டிகள் போட்ட பாத்திரத்தில் வைத்து 24 டிகிரிக்கு இறக்கிக்கொண்டால் ஏறத்தாழ ஒன்பது நிமிடம். 20 வரை இறக்கிப் போராடுவதைவிட 24-இல் நிலைநிறுத்துவது எளிது. படத்தை நிலைப்படுத்தும் ஃபிக்ஸரும் அலசும் நீரும் அதே 24-ஐ ஒட்டியே இருக்க வேண்டும்; குளிர்ந்த நீரிலிருந்து சூடான நீருக்குத் தாவினால் ஃபிலிமின் மேற்பூச்சு சுருங்கி, முகம் முழுவதும் காய்ந்த களிமண்ணின் வெடிப்பு போலக் கோடுகள் எழும். இரண்டாவது தடை ஈரப்பதம். இருட்டுப் பைக்குள் கையை விட்ட ஐந்தாவது நிமிடத்தில் விரல்கள் வியர்த்துவிடும். நனைந்த ஃபிலிம் பிளாஸ்டிக் ரீலில் ஏறாமல் பாதியில் ஒட்டிக்கொள்ளும். இரவில், குளிர்சாதனம் ஓடும் அறையில் சுற்றுங்கள். சுற்றும்போது சிக்கிக்கொண்டால் இழுக்காமல், கையை வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

எடுக்காத சுருள்களை நான் குளிர்ப்பெட்டியில் வைக்கிறேன். பெட்டியிலிருந்து வெளியே எடுத்தவுடன் டப்பியைத் திறந்தால் ஃபிலிமின் மேல் ஈரம் படியும். இரண்டு மணி நேரமாவது மேசையில் வைத்திருந்து திறக்க வேண்டும். எடுத்து முடித்த சுருளை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள். சென்னைக்கோ வேறெங்கோ பறப்பவர்கள், விமான நிலையத்தின் புதிய சி.டி. கருவிகளுக்குள் ஃபிலிமை விடாமல், கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கருவிகள் சுருளைப் புகைமூட்டமாக்கிவிடும்.

மற்ற சுருள்களோடு ஒப்பிட்டுச் சொல்லும்படி கேட்கிறார்கள். கோடாக் டிரை-எக்ஸ் 400 இதற்கு இணையான புகழுடையது. அதன் கறுப்பு இன்னும் உறுதியானது, முரண் கூடுதல். தெருக்காட்சிகளுக்கு அதை எடுப்பேன், முகத்துக்கு எடுக்க மாட்டேன். ஹார்மன் நிறுவனமே தயாரிக்கும் கென்ட்மியர் 400 விலை குறைவு, பழகுவதற்கு நல்லது. இல்ஃபோர்டின் ஆர்த்தோ பிளஸ் என்ற சுருளுக்குச் சிவப்பு தெரியாது. குங்குமத்தைக் கறுப்பு மணி போல் நிறுத்தும், தோலையும் அதேபோல் இருட்டும். பழைய காலப் படங்களின் சாயல் வேண்டுமென்று தெரிந்தே எடுப்பவர்களுக்கு அது பொருந்தும். எச்.பி.5-இன் வெள்ளித்துகள் கண்ணுக்குத் தெரியும் அளவானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 35 மில்லிமீட்டர் நெகட்டிவைப் பதினாறு அங்குலத்துக்குப் பெரிதாக்கினால் கன்னத்தில் மணல் தூவியது போல இருக்கும். எட்டுக்குப் பத்து அங்குலம் அதற்கு இயல்பான அளவு. அதைவிடப் பெரிதாக வேண்டுமானால் 120 சுருளுக்குப் போவது நல்லது.

நெகட்டிவைக் கணினிக்கு ஏற்றுகிறவர்கள், ஸ்கேனரில் தூசியை அகச்சிவப்பு ஒளியால் கண்டுபிடித்து நீக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். அந்த ஒளிக்கு வெள்ளியும் தூசியும் ஒன்றாகவே தெரிவதால் கண்ணிமையையும் மீசையையும் தூசியென்று நினைத்து அழிக்கப் பார்க்கும். தூசியைக் கையால் ஒவ்வொன்றாக நீக்குவதே வழி. முடிந்தால் ஒருமுறையாவது இருட்டறையில் தாளில் அச்சிட்டுப் பாருங்கள். செவ்விளக்கின் கீழ், டெவலப்பர் தட்டில் கிடக்கும் வெள்ளைத்தாளில் முதலில் எழுவது கண்மணியும் புருவமும் கூந்தலும். முகம் அதற்குப் பிறகுதான் மெல்ல வந்து சேரும். கருநிற முகமென்றால் அந்த இடைவெளி குறைவு, எல்லாம் ஏறத்தாழ ஒன்றாக வரும். எப்போது தாளை எடுப்பது என்று மனம் பதறும். பதறாமல் முழு நேரமும் தட்டிலேயே விட வேண்டும். பாதியில் எடுத்தால் கறுப்பு ஆழம் பெறாமல் சேற்றுச் சாம்பலாக நின்றுவிடும்.

அப்படி அச்சிட்டதைப் பார்ப்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஈரத்தாளில் எல்லாம் ஒளிர்வாகத் தெரியும். காய்ந்ததும் ஒரு படி கறுக்கும். மறுநாள் காலை, சன்னலோர வெளிச்சத்தில், கையெட்டும் தூரத்தில் பிடித்துப் பார்க்கிறேன். முதலில் கண்ணில் விழுந்திருக்கும் ஒளிப்புள்ளியைத் தேடுவேன். ஐந்தடி நடைபாதையில் எடுத்ததென்றால் அதில் தூண்களுக்கிடையே தெரு தெரியும். அடுத்து, ஒளி விழாத பக்கத்துக் காதைப் பார்ப்பேன். அந்தக் காதின் மடல் தெரிந்தால் ஒளி போதுமான அளவு கொடுத்திருக்கிறேன் என்று பொருள்.

மீசை வளர்ந்த பெரியவரின் படத்தில் அந்தக் காது தெரிகிறது. மயிர்கள் தனித்தனியாக இருக்கின்றன; பக்கத்தில் இருக்கும் தோல், வெள்ளைக்குப் பக்கத்தில் இருப்பதனாலேயே கறுத்துப்போகாமல், அதற்குரிய சாம்பலில் அமைதியாக இருக்கிறது.

பூக்கட்டும் பாட்டியை மஞ்சள்-பச்சை வடிகட்டியோடு மறுபடியும் எடுத்தேன். எட்டுக்குப் பத்தில் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, கையிலிருந்த நாரைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டு, ஓரங்களை மட்டும் பிடித்து வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். "பொட்டு தெரியுதுப்பா," என்றார். பிறகு, கூலிமில் இருக்கும் பேத்திக்கு ஒன்று வேண்டும் என்றார். மூக்குத்திக் கல்லின் ஒளி முதல் அச்சில் சற்றுக் கடுமையாக எனக்குப் பட்டிருந்தது. பேத்திக்கான அச்சை, முரணை அரைத் தரம் குறைத்து மென்மையாகப் போட்டேன்.